கொசஸ்தலை ஆற்றில் சாம்பல்... பாலாற்றில் மணல் இல்லை! ஆலைக்கழிவு கல் பழையசீவரம் பக்கம் வருமா?

காஞ்சீபுரம்:-

பழையசீவரம் பாலாற்றுப் பாலத்து ஓரமாக அரை மணி நேரம் நின்றால் போதும், சென்னை நகரம் எதைத் தின்று வளருகிறது என்பது தெரிந்துவிடும். திருமுக்கூடல் பக்கத்து கிரஷர்களில் இருந்து ஜல்லி, எம்-சாண்ட், கிரஷர் பவுடர் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாலாஜாபாத், செங்கல்பட்டு சாலையைப் பிடித்துப் போகின்றன. திரும்பி வரும்போது பெரும்பாலும் காலி வண்டி. இந்தக் காலி வண்டி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் இது. மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சீபுரம் வரதராஜ பெருமாள் பார்வேட்டைக்கு இங்கே மலைக்கு வருகிறார். ஆற்றைப் பார்க்க வருகிற ஜனங்கள் பல வருஷம் பார்த்தது தண்ணீரை அல்ல, பள்ளத்தை. மாமல்லபுரம் ரோடு, தாம்பரம், வேளச்சேரி என்று மாடி மாடியாக எழும்பிய வீடுகளில் பாலாற்று மணல் இருக்கிறது. 2003-ம் ஆண்டு அக்டோபரில் மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்ட பிறகும் ஆறு தப்பவில்லை. இன்றைக்கு இங்கே தடுப்பணை கட்டித் தண்ணீரைத் தேக்குகிறார்கள். ஆனால் போன மணல் போனதுதான். ஆறு ஒரு அடி மணல் கொண்டுவந்து போட எத்தனையோ வெள்ளம் வர வேண்டும்.

மணல் கிடைக்காமல் போனதும் கட்டிட வேலை மலைப்பக்கம் திரும்பியது. எம்-சாண்டுக்கு என்று தமிழக அரசு 2023-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. மணலுக்கு மாற்று என்பது சரிதான். ஆனால் அதற்கும் ஒரு மலை வேண்டும். உத்திரமேரூர், மதூர், திருமுக்கூடல் வட்டாரத்தில் குவாரிப் பள்ளங்கள் எவ்வளவு ஆழம் என்பது அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். 2021 பிப்ரவரியில் மதூர் கல்குவாரியில் சரிவு ஏற்பட்டு தொழிலாளர்கள் சிக்கிய சம்பவத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆற்றைத் தோண்டினோம், மலையை உடைத்தோம், ஏரி மண்ணைச் சூளைக்கு ஏற்றினோம். அடுத்து எதைத் தோண்டுவது என்ற கேள்விக்கு உலகம் முழுக்க இப்போது ஒரு பதில் சொல்கிறார்கள். தொழிற்சாலைக் கழிவைத் தோண்டு என்பதுதான் அது.

எண்ணூரில் கொட்டிக் கிடக்குது

இதில் பழைய சரக்கு நிலக்கரி சாம்பல். பழையசீவரத்தில் இருந்து நேர்கோட்டில் பார்த்தால் 70 கி.மீ.க்கு மேல், ரோட்டு வழியே 100 கி.மீ. அளவில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. பக்கத்திலேயே 1,500 மெகாவாட் வல்லூர் மின் நிலையம். எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் வடசென்னையில் 800 மெகாவாட்டில் மூன்றாவது கட்டம் 2024 மார்ச் மாதம் திறக்கப்பட்டது. நிலக்கரி எரிந்தால் சாம்பல் வந்தே தீரும். நம்ம ஊர் நிலக்கரியில் சாம்பல் ரொம்ப அதிகம்.

இந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய் உடைந்து சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. செப்பாக்கம் கிராமத்து ஜனங்கள் சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் குடித்தனம் நடத்தினார்கள். காட்டுக்குப்பம் மீனவர்கள் ஆறு மேடாகிப் போச்சு, இறால் இல்லை, நண்டு இல்லை என்று பல வருஷம் போராடினார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

அங்கே ஒரு ஆறு, வேண்டாத சாம்பல் நிறைந்து தூர்ந்தது. இங்கே ஒரு ஆறு, வேண்டிய மணல் போய்க் குழியானது. இரண்டுக்கும் நடுவில் 100 கி.மீ. ரோடு. இந்த ரோட்டுச் செலவை யார் கொடுப்பது என்பதில்தான் 25 வருஷமாக விஷயம் சிக்கிக்கொண்டு இருக்கிறது.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999 செப்டம்பர் 14-ந் தேதி ஒரு உத்தரவு போட்டது. அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கி.மீ.க்குள் செங்கல் செய்கிறவர்கள் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும் என்றது. பழையசீவரம் பக்கத்துச் சூளைகள் அந்த வட்டத்துக்கு வெளியே. 2003-ல் வட்டம் 100 கி.மீ. ஆனது. நம்ம மாவட்டம் உள்ளே வந்துவிட்டது. 2016-ல் 300 கி.மீ. என்று ஆக்கினார்கள். அப்புறம் 2021 டிசம்பர் 31-ந் தேதி உத்தரவில் அபராதமே வந்தது. பயன்படுத்தாமல் வைக்கிற ஒவ்வொரு டன் சாம்பலுக்கும் மின் நிலையம் 1,000 ரூபாய் கட்ட வேண்டும். பழைய குளங்களில் கிடக்கும் சாம்பலையும் 10 ஆண்டுக்குள் காலி செய்ய வேண்டும்.

பலன் இல்லாமல் இல்லை. 1996-97-ல் நாடு முழுவதும் சுமார் 6.9 கோடி டன் சாம்பல் வந்தது. அதில் பயன்பட்டது 10 சதவீதம்கூட இல்லை. 2021-22-ல் 27 கோடி டன் வந்தும் 95 சதவீதத்துக்கு மேல் பயன்பட்டதாக மத்திய மின்சார ஆணையக் கணக்கு சொல்கிறது.

கணக்கைப் பார்த்து ஏமாறக்கூடாது. பயன்பட்டது என்றால் எல்லாம் செங்கல் ஆனது என்று அர்த்தமில்லை. பெரும் பங்கு சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. பள்ளம் நிரப்பவும், ரோடு போடவும், சுரங்கக் குழி மூடவும் போகிறது. சின்னச் செங்கல் யூனிட்டுக்குப் போவது கொஞ்சம்தான். 2009-ம் ஆண்டு உத்தரவில் உலர் சாம்பலில் 20 சதவீதத்தைச் செங்கல் செய்கிறவர்களுக்கு முன்னுரிமையில் இலவசமாகத் தர வேண்டும் என்று எழுதப்பட்டது. மீதியை விற்கலாம். விற்கலாம் என்று வந்த பிறகு, மொத்தமாக வாங்குகிற பெரிய ஆலைக்கு முன்னால் 4 பேர் வைத்து மெஷின் ஓட்டுகிறவர் எப்படி நிற்பார்? கழிவு என்று கொட்டிக்கொண்டிருந்த வரைக்கும் இலவசம். காசு ஆகும் என்று தெரிந்ததும் சரக்கு.

சாம்பல் கல் தாங்குமா?

கொத்தனார்களிடம் கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். பூச்சு பிடிக்காது, சுவர் விரியும், ஆணி இறங்காது என்று குறை. இதில் உண்மையும் இருக்கிறது, பொய்யும் இருக்கிறது.

பிளை ஆஷ் கல்லில் பாதிக்கு மேல் சாம்பல். கிரஷர் பவுடர் மூன்றில் ஒரு பங்கு மாதிரி. மீதி சிமெண்ட், அல்லது சுண்ணாம்பும் ஜிப்சமும். மெஷினில் அழுத்தி எடுத்து, சூளையில் வைக்காமல் தண்ணீர் தெளித்து 2, 3 வாரம் பதப்படுத்த வேண்டும். விறகு கிடையாது, புகை கிடையாது. ஆயிரம் சுட்ட கல்லுக்குச் சுமார் 3 டன் மண் போகும். அதே ஆயிரம் சாம்பல் கல்லுக்கு ஒரு பிடி ஏரி மண்கூட வேண்டாம். ஒன்றரை டன்னுக்கு மேல் சாம்பல் காலியாகும். கலவையில் போகிற கிரஷர் பவுடர் திருமுக்கூடல் பக்கம் மலையாகக் கிடக்கிறது. அதுவும் ஒரு கழிவுதான்.

கோளாறு எங்கே என்றால், 3 வாரம் காத்திருக்காமல் 5-ம் நாளே லோடு ஏற்றிவிடுகிறார்கள். பச்சைக் கல் சுவரில் ஏறிய பிறகு காய்ந்து சுருங்குகிறது. அப்போது விரிசல் விடத்தான் செய்யும். பழியெல்லாம் சாம்பல் மேல்! சிமெண்டைக் குறைத்துப் போட்டு விலையைக் குறைக்கிற யூனிட்டுகளும் உண்டு. சுட்ட கல்லைத் தொட்டியில் முக்கி எடுத்துக் கட்டுகிற பழக்கத்தில், சாம்பல் கல்லையும் முக்கி எடுத்தால் அதுவும் தப்பு. இதற்கு மேலாக ஈரம் காட்டினால் போதும்.

வீடு கட்டுகிறவர்கள் ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். நன்றாகக் காய்ந்த கல் ஒன்றை மளிகைக்கடைத் தராசில் எடை போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். 3 கிலோ கல் 3 கிலோ 600 கிராமுக்கு மேல் போகக்கூடாது. இந்திய தர நிர்ணயப்படி சாதாரண ரகத்துக்கு அதுதான் எல்லை, 20 சதவீதம். அதற்கு மேல் குடித்தால் அந்த யூனிட்டில் வாங்காதீர்கள்.

சுற்றுச்சூழல் பக்கத்துக் கணக்கு வேறு. சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஒரு டன் தயாரித்தால் 800 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. கரி எரிப்பதால் மட்டும் அல்ல, சுண்ணாம்புக்கல் வேகும்போது கல்லுக்குள் இருந்தே அந்த வாயு கிளம்புகிறது. அதனால்தான் கிளிங்கரைக் குறைத்துச் சாம்பலைக் கலக்கிறார்கள். கடையில் பி.பி.சி. என்று மூட்டையில் போட்டிருக்கிற சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம் என்பது விதி. சாம்பல் கல் வேண்டாம் என்று சொல்லுகிற கொத்தனாரே தினமும் சாம்பல் சிமெண்டில்தான் பூசிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த தலைவலி பைபர்

சாம்பலுக்காவது சட்டம் வந்து, அபராதம் வந்து, ஒரு வழி பிறந்தது. இப்போது புதுசாகச் சேருகிற கழிவுக்கு அதுவும் இல்லை. அதுதான் பைபர்.

பைபர் தொட்டி, பைபர் கதவு, பைபர் படகு, பஸ்சின் முன் முகம், லாரி பம்பர், காற்றாலை இறக்கை எல்லாம் ஒரே குடும்பம். கண்ணாடி இழையை விரித்து ரெசின் ஊற்றி இறுக வைத்த கலப்புப் பொருள். துருப்பிடிக்காது, கனம் இல்லை, இரும்பு மாதிரி தாங்கும். அந்த நல்ல குணமே கடைசியில் வினை. பிளாஸ்டிக் குடத்தை உருக்கி மறுபடி குடம் செய்யலாம். பைபரை உருக்க முடியாது. சுட்ட செங்கல்லைத் திரும்பக் களிமண் ஆக்க முடியுமா? அது மாதிரி. காயலான் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார்.

கழிவு எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியது இல்லை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வாகனத் தொழில் வளர்ந்த மாவட்டம் இது. பைபர் பாகம் செய்கிற இடத்தில் வெட்டின ஓரம், கழித்த அச்சு, உடைந்த துண்டு சேரத்தான் செய்யும். கடற்கரைப் பக்கம் போனால் இன்னும் தெளிவு. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் போய் ஆயிரக்கணக்கில் பைபர் படகு வந்தது. அப்போது கோவளம், மாமல்லபுரம் எல்லாம் காஞ்சீபுரம் மாவட்டம்தான், 2019-ல்தான் செங்கல்பட்டு தனியாகப் பிரிந்தது. அந்தப் படகுகளில் ஓட்டை விழுந்தவை மணலில் கவிழ்ந்து கிடக்கின்றன. விற்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. எரித்தால் வருகிற கரும்புகை குப்பத்துக்கே ஆகாது.

பெரிய அலை இனிமேல்தான். தமிழ்நாட்டில் 1986-ல் தூத்துக்குடி அருகே காற்றாலை சுழல ஆரம்பித்தது. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, உடுமலை என்று பரவியது. 20 வருஷம் தாண்டிய சின்னக் காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரிசு வைக்கத் தமிழக அரசு 2024-ல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. கோபுரத்து இரும்பை ஏலம் எடுக்க ஆள் வரும். இறக்கையை யார் எடுப்பது?

அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து காஸ்பர் நகரில் இறக்கைகளைத் துண்டு துண்டாக வெட்டிக் குழியில் புதைத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் பேச்சானது. பச்சை மின்சாரம் என்று சொல்லிவிட்டு இப்படிப் புதைக்கலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அயர்லாந்தில் கார்க் பக்கம் பழைய இறக்கையை வைத்தே நடைபாலம் கட்டினார்கள். பார்க்க அழகு, ஆனால் எத்தனை பாலம்தான் கட்டுவது?

அரைத்தால் கல்லுக்கு பலம்

உருப்படியான வழி இப்போதைக்கு இரண்டு. ஒன்று, சிமெண்ட் சூளையில் போடுவது. பைபரில் உள்ள ரெசின் கரிக்குப் பதில் எரியும். கண்ணாடி இழை மணலுக்குப் பதில் கிளிங்கரில் கலந்துவிடும். சாம்பல்கூட மிஞ்சாது. ஜெர்மனியில் இது பழக்கத்தில் வந்து வருஷங்கள் ஆகின்றன. இந்தியாவிலும் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2016-ல் பைபர் கழிவுக்கு வழிகாட்டுதல் கொடுத்து, சிமெண்ட் சூளை வழியைக் காட்டியது. சிக்கல் என்னவென்றால் நம்ம பக்கத்துக் கழிவு அரியலூர், டால்மியாபுரம் போய்ச் சேர 200 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். பைபர் கழிவு லாரி நிறைய இருக்கும், எடை இருக்காது. டீசல் காசு கட்டாது.

இரண்டாவது வழி, அரைத்து இழையாகவோ பொடியாகவோ கான்கிரீட்டில், கல்லில் கலப்பது. மண் சுவருக்கு வைக்கோல் கலந்து மிதித்தார்களே நம்ம பாட்டன்மார், அதே யுக்தி. விரிசல் விடுகிற இடத்தில் இழை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் போயிங் விமானத் தொழிலின் கார்பன் பைபர் கழிவைத் தண்ணீர் இறங்குகிற கான்கிரீட்டில் கலந்து பார்த்தார்கள். கான்கிரீட்டின் பலம் கூடியது என்று 2018-ல் சொன்னார்கள். நம்ம தரமணி சி.எஸ்.ஐ.ஆர். கட்டிடப் பொறியியல் மையத்தில் சிமெண்டே இல்லாமல் சாம்பலை வைத்து ஜியோபாலிமர் கல் செய்கிற ஆராய்ச்சி பல வருஷமாக நடந்தது. மதுரை தியாகராஜர் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவில் ரோடு போட்டுக் காட்டி, பிறகு கல் கழிவோடு பிளாஸ்டிக்கை உருக்கித் தரை ஓடு செய்தார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆக, தெரியாத வித்தை ஒன்றும் இல்லை.

ஆனாலும் பைபரை வாரி அள்ளிப் போட்டுவிட முடியாது. அளவு மீறினால் கல் பலம் குறையும். சாதாரண கண்ணாடி இழையை சிமெண்டில் இருக்கிற காரம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்றுவிடும். இங்கேதான் சாம்பல் உதவிக்கு வருகிறது. சிமெண்டைக் குறைத்துச் சாம்பலைக் கூட்டினால் காரம் குறைகிறது, இழை கொஞ்சம் கூடுதல் காலம் நிற்கிறது. அதனால் பைபர் பொடிக்குப் பொருத்தமான ஜோடி சாம்பல் கல்தான். சுமை தாங்குகிற சுவருக்கு முன்னால் காம்பவுண்டு சுவர், நடைபாதைக் கல், வாய்க்கால் மூடி என்று ஆரம்பித்து, சில மழைக்காலம் பார்த்து முடிவு செய்வது நல்லது. ஏழை வீட்டுச் சுவரில் முதல் சோதனை வேண்டாம்.

மூச்சுக்கு யார் பொறுப்பு?

இன்னொன்று. பைபரை அரைக்கிற இடத்தில் பறப்பது கண்ணாடித் தூசி. பைபர் வேலை செய்தவர்களுக்குக் கை அரிப்பு எப்படி இருக்கும் என்று தெரியும். அது நெஞ்சுக்குள் போனால்? கிரஷர்களில் கல் தூசி குடித்து இருமுகிற ஆட்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் குறைவா? மூடிய மெஷின், தூசி இழுக்கிற குழாய், சரியான முகக்கவசம் இல்லாமல் தகரக் கொட்டகையில் நான்கு கூலி ஆளை வைத்து அரைத்துத் தள்ளினால், அதைப் பசுமைத் தொழில் என்று சொல்வது மோசடி.

சூளை ஆட்கள் கதியும் பேச வேண்டியதுதான். கல் அறுக்கிற குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆறு, ஏழு மாதம் குழந்தை குட்டியோடு சூளையிலேயே கிடக்கிறார்கள். மழை வந்தால் வேலை நின்றது. சாம்பல் கல் யூனிட் மழையிலும் ஓடும், தினக்கூலி வரும், ஊரிலேயே இருக்கலாம். ஆனால் 20 பேர் வேலையை மெஷின் வைத்து 6, 7 பேர் முடித்துவிடுவார்கள். மீதிப் பேர் எங்கே போவது என்று எந்த உத்தரவிலும் எழுதவில்லை.

காலி லாரி கணக்கு

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் பழையசீவரம், திருமுக்கூடல் வட்டாரம் மாதிரி இந்தத் தொழிலுக்குத் தோதான இடம் குறைவு. கிரஷர் பவுடர் ஊரிலேயே இருக்கிறது. பைபர் கழிவு ஒரகடத்தில், ஒரு மணி நேர ஓட்டம். கல் வாங்குகிற சந்தை சென்னை. இல்லாதது சாம்பல் மட்டும். ஜல்லி இறக்கிவிட்டுச் சென்னையில் இருந்து காலியாகத் திரும்புகிற லாரிகளில் ஒரு பகுதி எண்ணூர் பக்கம் போய்க் குளத்துச் சாம்பலை ஏற்றி வந்தால் வாடகை பாதியாகிவிடும். குளத்துச் சாம்பல் ஈரமானது, தார்ப்பாய் கட்டி டிப்பரிலேயே கொண்டுவரலாம். கட்டாமல் வந்தால் வழியெல்லாம் பறந்து, ஜல்லி லாரியைத் திட்டுகிற ஜனங்கள் இதையும் சேர்த்துத் திட்டுவார்கள். மணலுக்குப் பதில் பாதி வேலைக்கு அந்தச் சாம்பலே போதும். 1,000 ரூபாய் அபராதத்துக்குப் பயப்படுகிற மின் நிலையம், அதில் ஒரு பகுதியை வாடகையாகக் கொடுத்தால்கூட லாபம்தான்.

வாங்குகிறவர் யார் என்றால், முதலில் அரசாங்கம். கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024-ல் வந்தபோது ஒரு வீட்டுக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் 8 லட்சம் வீடு என்று அறிவித்தார்கள். ஒரு வீட்டுக்கு சில ஆயிரம் கல் என்று வைத்தாலும் மொத்தம் எங்கேயோ போகிறது. இந்த மாதிரி வேலைகளில் எந்தக் கல், யார் சோதித்த கல் என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலேயே கண்டிப்பாக இருந்தால் சின்ன யூனிட்காரர் துணிந்து மெஷின் வாங்குவார். பைபர் கழிவுக்கும் சாம்பலுக்குப் போட்ட மாதிரி, செய்கிற கம்பெனியே டன்னுக்கு இவ்வளவு பொறுப்பு என்று ஒரு உத்தரவு வர வேண்டும். 2016 வழிகாட்டுதல் எங்கே கொடுக்கலாம் என்று சொன்னது, கொடுக்காவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. சாம்பல் விஷயத்தில் 1999-ல் ஆரம்பித்தது அபராதம் வரை வர 22 வருஷம் ஆனது. முப்பந்தல் இறக்கைகள் அதற்குள் இறங்கிவிடும்.